பெட்லமா, பண்டமோனியமா?

கேள்வி: மகள் எங்கள் மீன் சந்தையைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையில் ‘பெட்லம்’ என்று போட்டிருந்தாள். ரீச்சர் அதை வெட்டிவிட்டு ‘பண்டமோனியம்’ என்று எழுதியிருக்கிறார். எது சரி?
- ஒரு தாய், திருகோணமலை

பதில்: இரண்டும் சரிதான் அக்கா, சிவப்பு மைதான் வீண். லண்டனில் 1247இல் பெத்லகேம் மாதாவின் பெயரில் தொடங்கிய மடம் பிறகு மனநோயாளர் மருத்துவமனையாக மாறியது, அந்தப் பெத்லகேம் சனத்தின் வாயில் தேய்ந்து பெட்லம் ஆகி, கடைசியில் எந்தக் கூச்சல் குழப்பத்துக்கும் பெயராகிவிட்டது. உள்ளே அடைபட்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் கசக்கும். பண்டமோனியம் கவிஞர் மில்டன் செய்த சொல். 1667இல் வந்த தன் காவியத்தில் நரகத்தின் தலைநகருக்கு அந்தப் பெயரை வைத்தார், எல்லாப் பேய்களும் கூடும் இடம் என்று அர்த்தம். விடியற்காலையில் சூரையைத் தராசில் போடுகிறவரும் விலை கேட்கிறவரும் ஒன்றாகக் கத்த, காலடியில் ஐஸ் தண்ணீர் ஓட, மேலே காகங்கள் வேறு... சரி, பேய்கள் பாவம்!

‘ஷாம்பிள்ஸ்’ என்றும் ஒன்று உண்டு, முதலில் இறைச்சி விற்கும் பலகை, அப்புறம் இறைச்சிக் கடைத்தெரு, அப்புறம் கொல்களம், இப்போது வெறும் அலங்கோலம். அதில் சத்தம் இல்லை, அதனால் சந்தைக்குப் பொருந்தாது. நம்முடைய களேபரமும் லேசுப்பட்டதில்லை, அதன் பழைய பொருள் உடம்பு, பிணம்.