குறட்டை நடுவில் நின்றால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. படுத்த ஐந்தாவது நிமிடமே குறட்டை. நடுராத்திரியில் சத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்சம் கழித்து ‘ஹக்’ என்று மூச்சை இழுத்து மறுபடி ஆரம்பிக்கிறார். “அசந்து தூங்குறான், எழுப்பாதே” என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: விடாதீர்கள். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து வழி குறுகும்போது அங்குள்ள சதை அதிர்வதுதான் குறட்டை. வழி முழுக்க ஒட்டிக்கொண்டால் காற்றே போகாது, சத்தமும் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை அவரை அரைகுறையாக உலுக்குகிறது. தசை இறுகி வழி திறக்கிறது. நீங்கள் கேட்கும் ‘ஹக்’ அதுதான். இதைத்தான் ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்க மூச்சுத்தடை என்கிறோம். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. சாட்சி நீங்கள்தான்.

விடியற்காலை 3 மணிக்கு மேல், அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அந்த நேரத்தில்தான் அதிகம். தசைகள் அப்போதுதான் ரொம்பவும் தளர்ந்திருக்கும். நெஞ்சும் வயிறும் படத்தில் தெரியட்டும். மூக்கில் காற்றுச் சத்தமே இல்லாமல், நெஞ்சு இறங்க வயிறு ஏற என்று மாறி மாறி அசைந்தால், அவர் மூச்சுக்காக முயல்கிறார், தொண்டை விடவில்லை என்று பொருள். எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். 10 விநாடியும் அதற்கு மேலும் நின்றால் அது மூச்சுத்தடைக் கணக்கில் சேரும். டெய்லர் டேப்பால் கழுத்தையும் அளந்துவிடுங்கள், 40 செ.மீ.க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. கூடவே பகல் தூக்கமோ ரத்த அழுத்தமோ இருந்தால் தூக்கப் பரிசோதனைக்குப் போயே ஆகவேண்டும். வண்டி ஓட்டுபவர் என்றால் இந்த வாரமே.

கேள்வி: ராத்திரி மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சர்க்கரை இல்லை, புராஸ்டேட் ஸ்கேனும் சரியாக இருக்கிறது. குறட்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: உண்டு. அடைபட்ட வழியில் மூச்சை இழுக்க இழுக்க, நெஞ்சுக்குள் உறிஞ்சும் விசை கூடி இதயத்துக்கு வரும் ரத்தம் அதிகமாகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயத்தின் மேலறை ஏமாந்துபோய், சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. காலைத் தலைவலி, வாய் வறட்சி, மூன்று மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம் ஆகியவற்றில் ஏதாவது உண்டா என்றும் பாருங்கள்.

கேள்வி: தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘ஏ.ஹெச்.ஐ. 32’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால்?
- வாசகர், ஈரோடு

பதில்: ஒரு மணி நேரத்தில் சராசரியாக 32 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. வீட்டிலேயே செய்யும் சோதனையில் மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. அதனால் நீங்கள் புரண்டுகொண்டிருந்த நேரத்தையும் தூக்கமாகவே சேர்த்து வகுக்கும், எண் குறைவாக வரும். அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டுச் சோதனை ‘நார்மல்’ என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: மூச்சுத்தடைக்காக சீபேப் மிஷின் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. மாஸ்க்கில் காற்று கசிகிறது, வாய் காய்கிறது, குழாயில் தண்ணீர் ‘களக் களக்’ என்கிறது. பீரோ மேல் தூக்கி வைத்துவிட்டேன்.
- வாசகர், கோவை

பதில்: முதலில் கீழே இறக்குங்கள். இது ஆக்சிஜன் மிஷின் அல்ல. அறைக் காற்றையே அழுத்திக் கொடுத்துத் தொண்டையை விரித்து வைக்கிறது, அவ்வளவுதான். சிட்னியில் கோலின் சல்லிவன் என்ற மருத்துவர் முதலில் செய்து பார்த்தது வாக்யூம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வைத்துத்தான்! 1981-இல் அதை வெளியிட்டார்.

கசிவுக்கு வருவோம். பெரும்பாலோர் உட்கார்ந்துகொண்டே மாஸ்க்கை மாட்டி, கசிந்தால் பட்டையை இன்னும் இறுக்குகிறார்கள். இறுக்கினால் சிலிக்கோன் விளிம்பு நசுங்கிக் கசிவு கூடும், மூக்குத்தண்டும் புண்ணாகும். மிஷினை ஓடவிட்டு, படுத்த நிலையில், பட்டைக்குள் ஒரு விரல் நுழையும் அளவுக்கு மாட்டுங்கள். பிறகு மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக இழுத்து மெதுவாக விடுங்கள். விளிம்பு காற்றில் உப்பித் தானாக உட்காரும். படுக்குமுன் சோப்பால் முகம் கழுவுங்கள், எண்ணெயும் க்ரீமும் வேண்டாம். விளிம்பையும் தினமும் காலையில் மென்மையான சோப்புநீரில் கழுவுங்கள். தாடி இருந்தால் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் ‘பில்லோ’ வகையைக் கேளுங்கள்.

வாய் காய்வது, வாயைத் திறந்து காற்றை விட்டுவிடுவதால். பல சமயம் மூல காரணம் மூக்கடைப்பு. உப்புநீர் ஸ்ப்ரே அடித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள். அப்படியும் வாய் திறந்தால் முழு முக மாஸ்க். குழாய்த் தண்ணீர் ஏ.சி. அறையின் தொல்லை: ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகிறது. ஈரப்பத அளவை ஒரு படி குறைத்து, குழாய்க்குத் துணியுறை போட்டு, மிஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதையும் தினமும் மாற்றி.

பழகுவதற்கு ஒரு வாரம், பகலில் டிவி பார்த்தபடி 20 நிமிடம் போட்டுக்கொள்ளுங்கள். வயிறு உப்பினால் அழுத்தத்தை நீங்களே மாற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, 3 மணிக்கு எழுந்தவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுப் படுக்கக் கூடாது. தொண்டை மோசமாக அடைபடும் நேரமே அதற்குப் பிறகுதான்.

கேள்வி: மிஷின் இல்லாமல் சமாளிக்க முடியாதா? மூக்கில் ஒட்டும் ஸ்ட்ரிப் ஆன்லைனில் பார்த்தேன்.
- வாசகர், சென்னை

பதில்: ஸ்ட்ரிப் மூக்குத் துவாரத்தைத்தான் விரிக்கும், அடைப்போ தொண்டையில். வெறும் மூக்கடைப்புக் குறட்டைக்குக் கொஞ்சம் உதவலாம். லேசான, நடுத்தர அளவில் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தும் கருவி நன்றாகவே பலன் தரும். ஆரம்பத்தில் தாடை வலிக்கும். நாளடைவில் பல் கடிக்கும் விதம் மாறலாம். மல்லாந்தால் மட்டும் மூச்சு நிற்பவர்கள் பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து போட்டுப் படுக்கலாம். வேடிக்கையாக இருந்தாலும் புரளவிடாது. ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் தசையை இன்னும் தளர்த்தும். பருமனானவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே ஏ.ஹெச்.ஐ. எண் கணிசமாக இறங்கும். பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான தடை உள்ளவர்களுக்கு எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்க மருந்துத் துறை 2024 டிசம்பரில் அனுமதித்தது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

கேள்வி: 6 வயது மகன் வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். படுக்கையை நனைப்பதும் மறுபடி ஆரம்பித்திருக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: மூக்கின் பின்புறச் சதையான அடினாய்டும் டான்சிலும் வீங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் பெரும்பாலும் பகலில் தூங்கி வழியமாட்டார்கள். ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று அலைவார்கள், பாடத்தில் கவனம் போகும். பெரியவர்களின் கணக்கு இங்கே பொருந்தாது, மணிக்கு 1-க்கு மேல் போனாலே பார்க்க வேண்டியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சையில் இரண்டையும் எடுத்தால் நன்றாகக் குறைகிறது.

கேள்வி: அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். சீபேப் போடுவதை அங்கே சொல்ல வேண்டுமா?
- வாசகர், திருச்சி

பதில்: மயக்க மருந்து நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலி குறைக்கும் ஊசியும் தொண்டையைத் தளர்த்தும். மிஷின், மாஸ்க், தூக்க ரிப்போர்ட் மூன்றையும் கையோடு எடுத்துப்போய், ஆபரேஷன் முடிந்து கண்விழிக்கும் அறையிலேயே மாட்டிவிடச் சொல்லுங்கள்.