சென்னையில் பழைய கட்டடத்தைச் சின்ன சோடா, ஜூஸ் யூனிட்டாக மாற்ற என்னென்ன அனுமதி வேண்டும்?

தாத்தா வீட்டுக் கீழ்த்தளம் காலியாகக் கிடக்கிறது, அதில் சோடா, ஜூஸ் போடலாமா, முதலில் எந்த ஆபீசுக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அயனாவரத்தில் என் மாமனாரின் பழைய அச்சகம் பூட்டியே கிடந்தது. 2022-ல் அதில்தான் பன்னீர் சோடாவும் நன்னாரி சர்பத்தும் போட ஆரம்பித்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

யாரைக் கேட்டாலும் முதலில் உணவு லைசன்ஸ் எடு என்பார்கள். நானும் அப்படித்தான் ஓடினேன், போதாக்குறைக்கு மெஷினுக்கு நாற்பதாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டேன். உணவுப் பதிவு இந்தக் கதையிலேயே சுலபமான வேலை. நான் எடுத்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை வெறும் பதிவுதான், வருடத்துக்கு 100 ரூபாய், போஸ்காஸ் என்ற மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத் தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். அதற்கு மேல் போனால் மாநில லைசன்ஸ். வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மைப் படுத்தி எடுப்பது கட்டடம்தான். உங்கள் இடம் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, எந்த ஜோனில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) தளத்தில் சர்வே எண்ணை வைத்து நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். குடியிருப்பு என்று வந்தால் உடனே மனசு விட வேண்டாம், சின்னத் தொழில்களுக்கு இடம் உண்டு. ஆனால் எத்தனை எச்.பி. மோட்டார் வரை வைக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது, ஜோனுக்கு ஜோன் அது மாறும். வீடாக அனுமதி வாங்கிய கட்டடத்தில் தயாரிப்பு நடத்துவது பயன்பாட்டு மாற்றம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அப்போது பழைய அப்ரூவ்டு பிளானைக் கேட்பார்கள். எங்களுடையதை மாமியாரின் பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து எடுத்தோம். பிரித்துப் பார்த்தால் பின்பக்க ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் பிளானிலேயே இல்லை! பாட்டில் கழுவ அந்த ஷெட்டைத்தான் நம்பியிருந்தோம். இடித்தோம், வேறு வழியில்லை.

அப்புறம் உள்வேலை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தபோது மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நேராகக் கழிவறைக் கதவுக்குப் போய் "இது எங்க சார் திறக்குது?" என்றார். பாட்டில் நிரப்பும் அறைக்குள்தான் திறந்தது. தயாரிப்பு நடக்கும் இடத்துக்குள் கழிவறை நேரே திறக்கக் கூடாது. அந்தக் கதவைச் சுவர் வைத்து அடைத்து, பக்கத்துச் சந்துப் பக்கம் புதிதாக வாசல் வைத்தோம்.

தரை அதைவிட மோசம். நாற்பது வருட அச்சு மை சிவப்புத் தரையின் விரிசலில் இறங்கியிருந்தது, எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, கடைசியில் டைல்ஸ். "வாட்டம் கரெக்டா இருக்கு சார், தண்ணி ஜிவ்வுன்னு போயிடும்" என்றார் மேஸ்திரி. நான் ஒரு சோடா கோலியை எடுத்துத் தரையில் உருட்டினேன். அது சாக்கடைப் பக்கம் போகாமல் அழகாகக் கேஸ் சிலிண்டர் மூலைக்குப் போய் நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் கோலியைப் பார்த்தேன். மறுநாள் பாதி அறையைப் பெயர்த்து மறுபடி போட்டார்கள்.

தண்ணீரைப் பலரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். வீட்டு போர்வெல் இருக்கிறதே என்று அதையே தொழிலுக்கு எடுக்க முடியாது. சென்னையில் நிலத்தடி நீருக்கென்றே 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, மெட்ரோ வாட்டரில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தண்ணீரைப் பரிசோதித்து ரிப்போர்ட்டும் வைத்திருக்க வேண்டும். நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் கொடுத்தோம். பாட்டில் கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும். அங்கே தொழில்களை வெள்ளை, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் பானம் எதில் விழுகிறது என்று தெரிந்துகொண்டு, கன்சென்ட், அதாவது வாரியத்தின் இசைவு, தேவைப்பட்டால் மெஷினை இறக்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

மற்றதெல்லாம் அலைச்சல்தான், தலைவலி இல்லை. மாநகராட்சியில் தொழில் உரிமம் எடுக்க வேண்டும், ஈ.பி. இணைப்பை வீட்டுக் கட்டணத்திலிருந்து மாற்ற வேண்டும் (வீட்டு இணைப்பில் மெஷின் ஓட்டி மாட்டினால் அபராதம் தீட்டிவிடுவார்கள்), சொத்து வரி ஏறும். பாட்டிலில் விலை, அளவு அச்சடித்து விற்க எடையளவுச் சட்டப் பதிவு வேண்டும். மின்சாரத்தில் மெஷின் ஓடி, ஆட்கள் இருபது பேரானால் தொழிற்சாலைக்கான சட்டம் வந்துவிடும் (2025 நவம்பர் வரை பத்துப் பேர்), சின்ன யூனிட்டுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குக் காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். என்னிடம் ஒரு ஏஜென்ட் மூவாயிரம் வாங்கிக்கொண்டு போனார், சரி, அது போகட்டும்.

என்ன பானம் என்பதையும் ஜி.எஸ்.டி.யைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம், சர்க்கரை சேர்த்த கேஸ் பானத்துக்கு 40 சதவீதம். கேஸ் இல்லாத பழச்சாறு பானம் 5-இல் வரும். அதிலேயே கேஸ் ஏற்றினால் 40. சர்க்கரையோ வாசனையோ சேர்த்த சோடா போடுபவர்களுக்கு, சின்னத் தொழில்கள் விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டமும் கிடையாது. என் பன்னீர் சோடாவின் லாபம் எங்கே போகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

எனக்கு எல்லாம் முடிய ஏழு மாதம் ஆனது, அதில் நான்கு மாதம் ஷெட்டுக்கும் பிளானுக்கும் மட்டுமே. மெஷின்காரர் "ஆஃபர் இந்த வாரத்தோடு முடியுது" என்று போன் செய்துகொண்டேதான் இருப்பார், எனக்கும் செய்தார், அந்த ஆஃபர் இன்னும் முடியவில்லை. பத்திரத்தையும் பழைய பிளானையும் தேடி எடுத்து, பதிவு பெற்ற ஒரு லைசன்ஸ்டு சர்வேயரிடமோ பொறியாளரிடமோ காட்டிவிட்டு, அப்புறம் மெஷின்காரரிடம் பேசுங்கள்.