டிஸ்சார்ஜ் ஆகி வந்த பெரியவங்கள வீட்ல யாரு பாக்குறது? சேலம் வாசகர் கேள்வி-பதில்

இந்த வாட்டி வந்ததுல முக்காவாசி கேள்வி ஒரே ரகம்தாங்க, அதனால சேத்து வச்சே பதில் சொல்லிடுறேன்.

மாமியாருக்கு பக்கவாதம், ஒரு பக்கம் கை கால் வரல. கவர்மெண்ட்லேர்ந்து வீட்டுக்கு வந்து பாப்பாங்களா? (அம்மாபேட்டை)

வருவாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம், அது ஏதோ பிபி சுகர் மாத்திரைய வீட்ல குடுத்துட்டு போற திட்டம்னு நிறைய பேர் நெனச்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா பிசியோதெரபி, படுக்கையில கிடக்குறவங்கள நர்ஸ் வந்து பாக்குறது ரெண்டுமே அதுக்குள்ளதான் வருது. டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆதாரும் எடுத்துக்கிட்டு உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் பதிஞ்சுட்டு வாங்க.

ஆனா ஒண்ணு, அவங்க வந்து பயிற்சி சொல்லிக் குடுத்துட்டு கெளம்பிடுவாங்க. குளிப்பாட்டுறது, ஊட்டுறது, ராத்திரி டயப்பர் மாத்துறது, இதெல்லாம் எந்த திட்டத்து கணக்குலயும் வரல, பூரா வீட்டுப் பொம்பளைங்க தலையிலதான் விழுது, எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நாளா கோவம். அதனால பிசியோ வர்ற அன்னிக்கு உங்க வீட்டுக்காரரையும் லீவு போட வச்சு பக்கத்துல நிக்க வைங்க, தூக்கி உக்கார வைக்க அவரும் பழகட்டும், அவரோட அம்மாதானே!

முதல்வர் காப்பீட்டு அட்டையில ஹோம் நர்ஸ் சம்பளம் கேக்கலாமா? (சூரமங்கலம்)

முடியாதுங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்ங்கறது ஆஸ்பத்திரில சேத்து பாக்குற வைத்தியத்துக்கு. முதியோர் உதவித்தொகை மாசம் 1200 ரூபா, தகுதி இருந்தா தாலுகா ஆபீஸ்ல சமூக பாதுகாப்பு தாசில்தார்கிட்ட எழுதிக் குடுங்க, ஆனா அத வச்சு ஆள் போட முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

தாத்தாவுக்கு யூரின் டியூப் போட்டிருக்கு. ஒவ்வொரு வாட்டியும் 20 கொண்டை ஊசி வளைவு எறக்கி சேலம் கூட்டிட்டு வரணுமா? வழியெல்லாம் வாந்தி. (ஏற்காடு)

டியூப் மாத்த மட்டும்னா வேண்டாம், மலையிலயே சுகாதார நிலையத்துல சொல்லி நர்ஸ வீட்டுக்கு வரச் சொல்ல முடியுமான்னு கேளுங்க. பிபி சுகர் மாத்திரைன்னா, மக்களைத் தேடி மருத்துவத்துல உங்க ஊருக்கு வர்ற தன்னார்வலர் அக்காகிட்டயே வாங்கிக்கலாம். ஆனா குளிரெடுத்து காய்ச்சல் வந்தா, இல்ல பையில யூரினே எறங்காம வயிறு உப்பினா விடியட்டும்னு உக்காராதீங்க, அப்பவே 108.

வீட்ட பையனுக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டேன். இப்ப சோறு தண்ணிகூட சரியா இல்ல. (கொண்டலாம்பட்டி)

2007 பெற்றோர் பராமரிப்பு சட்டத்துல ஆர்டிஓகிட்ட (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுங்க. மாசம் 10,000 வரைக்கும் ஜீவனாம்சம் போட அவருக்கு அதிகாரம் இருக்கு. பிரிவு 23 படி, பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து அப்புறம் பாக்காம விட்டா பத்திரத்தையே ரத்து பண்ணச் சொல்லலாம், அதனால பத்திரத்துல அந்த வரி இருக்கான்னு மொதல்ல படிங்க. அந்த வரி இல்லேன்னா கேஸ் கொஞ்சம் இழுக்கும், அதுக்காக மனு குடுக்காம இருந்துடாதீங்க. இன்னும் எழுதாம இருக்கறவங்க அந்த ஒரு வரிய கேட்டு போட்டுக்குங்க, பத்திரம் எழுதுறவர் மொறச்சாலும் பரவால்ல. எங்க போறதுன்னே தெரியலன்னா முதியோர் உதவி எண் 14567க்கு போன் போடுங்க, காலைல 8 மணிலேர்ந்து ராத்திரி 8 வரைக்கும் எடுப்பாங்க.

வாட்டர் பெட் வாங்கிட்டோம், இனி படுக்கைப்புண் வராதுல்ல? (ஆத்தூர்)

வரும். பெட் இருந்தாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டி படுக்க வைக்கணும். டெய்லி குதிகால், இடுப்புக்குக் கீழ நடு எலும்பு ரெண்டையும் வெளிச்சத்துல பாருங்க. செவப்பா இருக்குற எடத்துல வெரல் வச்சு அமுக்கி எடுங்க, வெளுத்துட்டு திரும்ப செவந்தா பயமில்ல, வெளுக்காம அப்படியே செவப்பா நின்னுச்சுன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு. கறுத்த தோல்ல செவப்பு தெரியாது, தொட்டுப் பாத்தா அந்த எடம் மட்டும் சூடாவோ கெட்டியாவோ இருக்கும். அது மேல பவுடர கொட்டி மூடாதீங்க, தேய்ச்சும் விடாதீங்க, அந்தப் பக்கம் படுக்க வைக்காம நர்ஸுக்கு அன்னிக்கே போன் போடுங்க.