ஸ்டீராய்டு ஊசியை நிறுத்தியபின் வரும் மனச்சோர்வு

களியக்காவிளையில் உங்க தம்பி, ஜிம்மில் போட்டுவந்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), நாண்ட்ரோலோன் ஸ்டீராய்டு ஊசியை நிறுத்தியபின் தூங்காமல், யாரிடமும் பேசாமல் கிடக்கிறார்னு எழுதியிருந்தீங்க. இது சோம்பல் இல்லை, திட்டாதீங்க. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்களின் சுரப்பைக் குறைத்துவிடும், விரைகள் ஓய்ந்துவிடும். ஊசி மருந்து தீர்ந்ததும் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சரியும், மனமும் சரியும். மீள மாதக்கணக்கில் ஆகலாம்.

காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன், எல்எச், எஃப்எஸ்எச் மூன்றையும் ரத்தத்தில் பாருங்க. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரமோ, எங்கே போனாலும் மனநல மருத்துவரிடம் ஊசி விவரத்தை மறைக்கவே கூடாது. ஜிம்காரர் தரும் குளோமிஃபீன் (ஹார்மோன் சுரப்பைத் தூண்டும் மாத்திரை) வேண்டாம். சிலருக்கு அதுவே மனநிலையைக் கெடுக்கும், பார்வையும் மங்கும்.

சாகணும்னு பேச்செடுத்தால் தனியே விடாதீங்க. உடனே 14416-க்குக் கூப்பிடுங்க, அது டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; இரவும் எடுப்பாங்க, காசில்லை.