அத்தோ கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? – வடசென்னை பற்றி வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்குப் பல நாட்டு, பல மொழிக்காரர்களின் வாழ்க்கையை ஒரே நாளில் காட்ட வேண்டும். வடசென்னையில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? – வாசகி, ஆவடி

இடத்தை முடிவு செய்யும் முன் நேரத்தை முடிவு செய்யுங்கள். இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வேளை உண்டு. தெரு சரியாக இருந்தும் வேளை தப்பினால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

உயர்நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் காலை ஒன்பதரைக்கு இறங்குங்கள். அங்கிருந்து ஆர்மேனியன் தெரு நடக்கும் தூரம்தான். அந்த ஒரே தெருவில் அந்தோனியார் திருத்தலம் அமைந்த புனித மேரி இணைப் பேராலயம், ஆர்மேனியர் தேவாலயம், கச்சாலீஸ்வரர் கோவில் மூன்றும் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலில் கூட்டம் நெரியும். மதம் பார்க்காமல் மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பவர்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றால் செவ்வாய் போங்கள். நிதானமாக நடக்க வேண்டும் என்றால் வேறு நாள்.

அடுத்து தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோவில். பன்னிரண்டு மணிக்குள் போய்விட வேண்டும், பிறகு நடை சாத்திவிடுவார்கள். மதியச் சாப்பாட்டை மண்ணடியில் வைத்துக்கொள்ளலாம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து வியாபாரம் செய்யும் தமிழ் முஸ்லிம்களின் பேட்டை அது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை ஜும்ஆ தொழுகைக்காகத் தெருக்கள் நிறைந்துவிடும். அந்த நேரத்தில் ஆட்டோவை உள்ளே விடச் சொல்லாதீர்கள்.

மண்ணடியில் இருக்கும்போதே பவழக்காரத் தெருவின் பெயர்ப்பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மத்தியதரைக் கடல் பவழத்தைக் கப்பலில் கொண்டுவந்து, பதிலுக்குக் கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களால் வந்த பெயர் அது. அவர்கள் போய் வெகுகாலம் ஆயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது.

நான்கு மணிக்குமேல் சௌகார்பேட்டை, ஆறு மணிக்குமேல் பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். இதற்குமேல் எதையும் அதே நாளில் திணிக்காதீர்கள். ராயபுரத்துக்கும் பெரம்பூருக்கும் தனித்தனியாக ஒரு நாள் கொடுப்பதுதான் நியாயம்.

ஆர்மேனியன் தெருவை என் தாத்தா 'அரண்மனைக்காரன் தெரு' என்பார். அங்கே எந்த அரண்மனை இருந்தது? – வாசகர், கொருக்குப்பேட்டை

அரண்மனை எதுவும் இல்லை. 'ஆர்மேனியன்' என்பதுதான் ஊர்வாயில் 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. காதுக்குப் புரியாத பெயரைப் புரிந்த பெயராக மாற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். தாத்தா சொன்ன பெயரை விட்டுவிடாதீர்கள், அதுவும் வரலாறுதான்.

இப்போதுள்ள ஆர்மேனியர் தேவாலயம் 1772-இல் கட்டப்பட்டது. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அதில் ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் கல்லறைக் கற்களின் மேல்தான் நடக்க வேண்டியிருக்கும். எழுத்து தேய்ந்துவிடாமல் ஓரமாகக் கால் வைக்கச் சொல்லுங்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோன்யான் இந்த முற்றத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். காலையிலேயே போய்விடுங்கள். மாலையில் போனால் வாசல் கதவோடு திரும்ப வேண்டியிருக்கும்.

ராயபுரத்தில் பார்சிகளின் நெருப்புக் கோவில் இருக்கிறதாமே, உள்ளே விடுவார்களா? – வாசகர், திருவொற்றியூர்

விடமாட்டார்கள். மேற்கு மாதா கோவில் தெருவில் உள்ள அந்தக் கோவில் 1910-இலிருந்து இருக்கிறது. ஜரதுஷ்டிர மதத்தில் பிறந்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்பது அவர்கள் நெறி. காவலாளியிடம் கெஞ்சுவதோ, மதில்மேல் செல்போனை நீட்டிப் படம் எடுப்பதோ வேண்டாம். உள்ளே அணையாமல் காக்கப்படும் நெருப்பு அவர்களுக்கு அவ்வளவு புனிதம். தெருவில் நின்று முகப்பைப் பார்க்கலாம், அது போதும்.

அங்கே போனவர் அப்படியே ராயப்பர் கோவிலுக்கும் போய் வாருங்கள். படகோட்டிகளான குருகுல வன்னியக் கிறிஸ்தவர்கள் தங்கள் உழைப்பில் எழுப்பியது. இயேசுவின் சீடர் பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்பார்கள். ராயபுரம் என்ற பெயரே அவரால் வந்ததுதான். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையக் கட்டடமும் அருகிலேயே இருக்கிறது.

பர்மா பஜார் பக்கம் சாப்பிட்ட அத்தோவை வீட்டில் செய்து பார்த்தேன். நூடுல்ஸ் களி மாதிரி ஒட்டிக்கொண்டது, வெறும் புளிப்பாகவும் இருந்தது. எங்கே தவறு? – வாசகி, வியாசர்பாடி

இரண்டு தவறு. சூடாக இருக்கும்போதே பிசைந்திருக்கிறீர்கள், மாவு சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

பர்மிய மொழியில் 'அதோக்' என்றால் கையால் கலந்த உணவு. அதாவது அத்தோ ஒரு கலவை, வாணலியில் வதக்கும் பண்டம் இல்லை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாகி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த கைப்பழக்கம் இது. அதனால் அளவைவிட வரிசை முக்கியம்.

நான்கு பேருக்குத் தடித்த கோதுமை நூடுல்ஸ் 400 கிராம். மசாலா பாக்கெட் நூடுல்ஸ் வேண்டாம், அது குழைந்துவிடும். மூன்று லிட்டர் தண்ணீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்கவிட்டு, பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள். பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் பிசறி, தாம்பாளத்தில் பரப்பி இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். நீங்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி 150 மில்லி எண்ணெயில் மிதமான தீயில் பொன்னிறமாக வறுத்தெடுங்கள். அதே எண்ணெயில் இருபது பல் பூண்டைச் சீவிப் போட்டு வறுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வெங்காயம் சிவப்பதற்குள் பூண்டு கருகி எண்ணெய் முழுக்கக் கசக்கும். பூண்டு வெளிர்பொன் நிறத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், எடுத்தபிறகும் அது சிவக்கும். மிஞ்சிய எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், அத்தோவின் வாசனை அதில்தான் இருக்கிறது.

எலுமிச்சை அளவு புளியை 200 மில்லி வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். நான்கு மேசைக்கரண்டி கடலை மாவைச் சின்னத் தீயில் ஆறேழு நிமிடம் வெறும் வாணலியில் வறுங்கள். புளித்தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பிடித்து நூடுல்ஸில் ஒட்டவைப்பது இந்த மாவுதான். இது இல்லாவிட்டால் புளி தட்டின் அடியில் தேங்கும், நாக்குக்குப் புளிப்பு மட்டுமே தெரியும்.

பிறகு ஒவ்வொரு தட்டாகக் கலக்க வேண்டும். ஒரு பங்கு நூடுல்ஸ், கைப்பிடி மெல்லிய முட்டைகோஸ், கொஞ்சம் பச்சை வெங்காயம், கொத்தமல்லி, ஒரு மேசைக்கரண்டி மாவு, ஒரு மேசைக்கரண்டி பூண்டெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி புளித்தண்ணீர், வறுத்த மிளகாய்ப்பொடி, உப்பு. கடைசியில் வறுத்த வெங்காயம், பூண்டு, நொறுக்கிய பேஜோ என்னும் மொறுமொறு பர்மியப் பண்டம். பேஜோ கிடைக்காவிட்டால் தட்டையை உடைத்துப் போடுங்கள். கோஸில் முன்கூட்டியே உப்புப் போட்டுவைத்தால் நீர் விட்டுக் கலவை சொதசொதவென்று ஆகிவிடும்.

கூடவே வாழைத்தண்டு சூப் இருக்க வேண்டும், அது இல்லாமல் அத்தோ முழுமையாகாது. ஒரு சாண் தண்டை வில்லையாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். பூண்டு, இஞ்சி, வெங்காயம் வதக்கி, தண்டும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரும் சேர்த்து இருபது நிமிடம் வேகவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி கடலை மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி இன்னும் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். மாவை நேராகக் கொதிக்கும் சூப்பில் தூவினால் கட்டிகட்டியாக நிற்கும். இறக்கும்போது மிளகுத்தூள். பர்மாவில் இதன் மூலமான மொஹிங்காவில் மீன்தான் பிரதானம். இங்கே பல வண்டிகளில் மீன் இல்லாமலே செய்கிறார்கள்.

கடைக்குப் போகும் எண்ணம் இருந்தால், செகண்ட் லைன் பீச் தெருப் பக்கம் மாலையில்தான் வண்டிகள் நிற்கும். மதியம் போய் ஏமாறாதீர்கள்.

அறுபத்தெட்டு வயது அம்மாவைச் சௌகார்பேட்டைக்கு அழைத்துப்போக வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். – வாசகர், அம்பத்தூர்

அவருக்கு இதைவிடப் பொருத்தமான பேட்டை சென்னையில் இல்லை. குஜராத்தி, மார்வாடி சமணர்கள் வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகளையும் தவிர்ப்பவர்கள். 'ஜெயின்' என்று ஒரு வார்த்தை சொன்னால் பாவ் பாஜியில் உருளைக்குப் பதில் வாழைக்காய் போட்டுத் தரும் கடைகள் உண்டு. ஆனால் சொல்லாவிட்டால் சாதாரணமாகத்தான் வரும், தட்டு வந்தபிறகு கேட்டுப் பயனில்லை. ஜிலேபியைச் சட்டியிலிருந்து எடுத்த கையோடு வாங்குங்கள், கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியதை வேண்டாம்.

தங்கசாலைத் தெருவுக்குள் காரைக் கொண்டுபோகாதீர்கள். மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்கவும் முடியாது. சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்தால் அம்மாவுக்கு அதுதான் வசதி. சமணக் கோவிலுக்குள் போவதானால் தோல் பர்ஸ், பெல்ட், தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நான்கு மணிக்குப் போய் ஆறரைக்குள் கிளம்பினால் நெரிசலில் சிக்காமல் வரலாம்.

பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் சாப்பிட்ட 'பால் கறி'யில் பால் ஊற்றுவார்களா? – வாசகி, அயனாவரம்

ஊற்றமாட்டார்கள். பந்து என்ற பொருளில் வரும் ஆங்கிலப் 'பால்' அது, நம் கோலா உருண்டைக் குழம்பின் உறவு. ரயில்வே பட்டறைகளை நம்பிப் பெரம்பூரில் குடியேறிய குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல். தேங்காய்ப்பாலும் மஞ்சளும் சேர்த்த மஞ்சள் சோறும், வெங்காயம், காய்ந்த மிளகாய், வினிகர், சர்க்கரை அரைத்த டெவில் சட்னியும் கூட வரும்.

உருண்டை உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் கறியில் உள்ள ஈரம். கொத்துக்கறியைக் கழுவியிருந்தால் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு உருட்டுங்கள். கொதிக்கும் குழம்பில் ஒவ்வொன்றாக இறக்கி, முதல் பத்து நிமிடம் கரண்டியே போடாமல் சட்டியை மட்டும் பிடித்து அசைத்துவிடுங்கள்.