ராத்திரியில் தானே ஓடும் பிரஷர் பம்ப்

காரைக்குடி வீட்டில் யாரும் குழாயைத் திறக்காமலே ராத்திரி முழுக்க பம்ப் ஓடி ஓடி நிற்கிறது என்றீர்கள். பம்பை உடனே குறை சொல்லாதீர்கள். பிரஷர் டேங்குக்கு (தண்ணீரை அழுத்தத்தோடு பிடித்து வைக்கும் டேங்க்) அப்புறம் வீட்டுக்குப் போகும் லைனில் உள்ள கேட் வால்வை மூடிப் பாருங்கள். ஓட்டம் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். நிற்காவிட்டால் முதலில், தண்ணீர் பின்னால் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் மூன்று கட்டும் தேடி அலைந்தோம். கடைசியில் கொல்லைப்புறக் கழிப்பறை ஃபிளஷ் டேங்க்! அதில் சொட்டு நீலம் நாலு துளி விட்டேன். அரை மணியில், யாரும் ஃபிளஷ் பண்ணாமலே கோப்பை நீலம். ரப்பர் வாஷரை மாற்றியதோடு சரி.

குழாய் திறந்திருக்கும்போதும் படபடவென்று ஓடி நின்றால் அது வேறு கதை. பிரஷர் டேங்கின் காற்று வால்வு ஊசியை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால், உள்ளே காற்றையும் தண்ணீரையும் பிரிக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது. காற்றுதான் குறைவு என்றால், மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பிஎஸ்ஐ குறைவாகக் காற்றடியுங்கள்.