ராஜபார்ட் மீசையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி நாடகக் குழுவில் இருக்கிறேன். மூன்று வருஷமாக கட்டபொம்மன் வேஷம் எனக்குத்தான். தை கடைசியில் ஆண்டு விழா, மார்ச்சில் பொதுத்தேர்வு, அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒத்திகை அறைக்குள் நுழைந்தாலே அழுகை வருகிறது. அப்பா, “கூத்து போதும், பரீட்சையைப் பாரு” என்கிறார். இத்தனை வருஷம் சேர்த்த உடை, கிரீடம், வாள் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. எப்படி விட்டுவிட்டுப் போவது?
— பிளஸ் டூ மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உன் வயசில் வேஷத்தை இழந்தவர்கள் தமிழ் நாடகத்தில் ஏராளம், தங்கச்சி. தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபையை எடுத்துக்கொள். அது போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால், நேற்றுவரை வள்ளியாக நின்றவனுக்கு இன்று அந்த வேஷம் கிடையாது. வசனமும் பாட்டும் அடுத்த பையனுக்குப் போய்விடும். அப்படி மாற்றிக் கொடுக்கிற வேலைதான் இப்போது உன் முன்னால் இருக்கிறது. அது பாதியில் கிடக்கிறவரை ஒத்திகை அறை உன்னை அழவைத்துக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் அப்பா. “கொஞ்ச நேரம்தான்” என்று சொன்னால் அவர் நம்பமாட்டார், நியாயந்தான். ஒரு தாளில் தேதி போட்டுக் கொடு: எட்டு ஒத்திகை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் ஆறு மணி நேரம். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒத்திகையே கிடையாது என்றும் எழுது. ஆறு மணி நேரத்தில் முழு நாடகம் ஏறாது. ஜாக்சன் துரை சந்திப்பும் கயத்தாறும் போதும், 20 நிமிடம். கடைசி வருஷம் என்று ஆசைப்பட்டு எல்லாக் காட்சியையும் போடுகிறவர்கள் ஒன்றையும் உருப்படியாகப் போடுவதில்லை.

அடுத்தது நோட்டு. 200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்கு. வலது பக்கத்தில் வசனத்தை நகலெடுத்து ஒட்டு, இடது பக்கத்தைக் காலியாக விடு. அந்தக் காலிப் பக்கத்தில், பென்சிலால், உன் உடம்புக்கு மட்டும் தெரிந்ததை எழுது. உதாரணமாக: “வாளை உருவும்போது உறை மாட்டும். இடது கையால் உறையைப் பின்னால் தள்ளிவிட்டு உருவு.” “முத்துமாலை காலர் மைக்கில் உரசினால் கூடம் முழுக்கக் கரகர. மாலையை உள்சட்டையில் ஊக்கு போட்டு நிறுத்து.” “திரைக்கயிறு வலது பக்கம். இழுப்பவர் இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் இழுக்கவேண்டும், நிறுத்தி இழுத்தால் பாதியில் நிற்கும்.” கடைசிப் பக்கத்தில் மைக் செட்காரர், வாடகை உடைக்கடை எண்கள், போன வருஷம் எதற்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கு. ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் நோட்டு பள்ளியில் இருக்கும்.

அதை யாரிடம் கொடுப்பது? எல்லாரும் தவறுகிற இடம் இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தால் ஜூனில் அவள் பத்தாவது, டியூஷனுக்கு ஓடிவிடுவாள். பிளஸ் ஒன் பிள்ளையிடம் மட்டும் கொடுத்தால் அடுத்த தையில் இதே கடிதத்தை அவள் எழுதுவாள். பிளஸ் ஒன்னில் ஒருத்தி, எட்டாம் வகுப்பில் ஒருத்தி என்று இரண்டு பேராகச் சேர்த்துக் கொடு. எட்டு ஒத்திகையில் கடைசி மூன்றில் உன் இடத்தில் சின்னவளை நிறுத்தி, நீ கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார். அவள் குரல் அங்கே எட்டாவிட்டால் “சத்தமா” என்று கத்தாதே. வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறாளா என்று பார், பெரும்பாலும் அதுதான் கோளாறு.

மேடையன்று வரும் அழுகைக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: முந்தின நாள் ஒத்திகை முடிந்ததும் குழுவோடு சேர்ந்து அழுது தீர்த்துவிடு. மேக்கப் போட்ட பிறகு கட்டிப்பிடிப்பதும் செல்ஃபியும் வேண்டாம். கண்ணும் மூக்கும் ஒழுகினால் மீசைப் பசை முதலில் ஓரத்தில்தான் விடும், அப்புறம் கயத்தாறில் தூக்குமேடை ஏறும்போது பாதி மீசை தொங்கும், பார்வையாளர்கள் சிரிப்பார்கள். தொண்டை அடைத்தால் மூச்சை இழுக்காதே. முழுக்க வெளியே விடு, அடுத்த மூச்சு தானாக வரும். விடைபெறும் பேச்சு திரை விழுந்த பிறகு மூன்று வாக்கியம். குழுவுக்குள் மட்டும் புரிகிற கேலியை வசனத்தில் செருகாதே.

மறுநாள் காலை பெட்டி. விழா முடிந்த இரவே ஈர உடைகளைத் திணித்துப் பூட்டுவதால்தான் ஜூனில் திறக்கும்போது நாற்றம் மண்டும். வெல்வெட் சட்டையைத் துவைக்கக் கூடாது. உள்பக்கத்தைத் திருப்பி, ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயப்போடு. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வை. பாச்சா உருண்டையைத் துணியில் முடிந்து போடு, ஜரிகையில் நேராகப் படவேண்டாம். கிரீடத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் அதன் கண் மைதா பசை மேல். மறுபடி ஒட்டும்போது கால் கிலோ மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து காய்ச்சு. அது விஷம், அதனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும், சமையல் பாத்திரம் வேண்டாம், நெற்றியில் படும் உள்பக்கத்துக்குத் துணிப்பட்டை தைத்துவிடு. தெர்மாகோல் தூணுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்காதே, உருகிக் குழிவிழும். வாளின் கைப்பிடி ஆணியை ஆட்டிப் பார். எல்லாவற்றையும் எண்ணிப் பெட்டி மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒட்டு.

மீசையை மட்டும் பட்டியலில் சேர்க்காதே. உதட்டின் மேல் ஒட்டுவதை இன்னொருவர் போடக்கூடாது, தோல் புண்ணாகும். சின்னவளுக்குப் வேஷத்துக்கு ஒட்டுகிற புது கிரேப் முடியில் ஒன்று செய்துகொடு. உன்னுடையதைத் தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, ஓரத்திலிருந்து உரி. வலையில் ஒட்டியிருக்கும் பசையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எடுத்து, தீப்பெட்டிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோ.

ஜூனில் கல்லூரி திறந்த பிறகு பள்ளி ஒத்திகைக்குத் தினம் போய் நிற்காதே. கூப்பிட்டால் ஒருநாள் போ. நாடகத்தையே படிக்க நினைத்தாலும் அவசரமில்லை, டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டம் முடித்திருக்கவேண்டும். மேடை அனுபவத்துக்குச் சான்றும் கேட்பார்கள் என்பதால் விழா அழைப்பிதழ்களைக் கிழித்துப்போடாதே.

அதற்குமுன் பரீட்சை முடிந்த விடுமுறை இருக்கிறதே, அதற்கு மனோன்மணீயம். 1891இல் வந்த நாடகம். மந்திரி குடிலன் பேச்சைக் கேட்டுப் பாண்டியன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக்கொண்டு வருகிற கதை, நம்மூர்தான் களம். 5 அங்கம், ஒரு மாலைக்கு ஒன்று, தோழிகள் நாலைந்து பேர் மொட்டைமாடியில் உட்கார்ந்து வாசிக்கலாம். பெரும்பாலும் ஆசிரியப்பா. அடி முடிகிற இடத்திலெல்லாம் வாக்கியம் முடியாது, அங்கே நிறுத்தினால் பொருள் சிதறும். முந்தின நாளே பென்சிலால் மூச்சுக்குக் கோடு போட்டு வை. குடிலன் பகுதிக்கு ஒரு ஆண்குரல் இருந்தால் நன்றாயிருக்கும். அப்பாவைக் கேட்டுப் பார்.